திரையில் தெரியாதவர்களைச் சொல்லும் குரல்: சைக்கிள் பந்தய வர்ணனைகள், ஒரு மதிப்பீடு

சைக்கிள் பந்தய வர்ணனையாளர் தேறுவாரா என்று பார்க்க நான் வைத்திருக்கும் தேர்வு ஒன்றே ஒன்றுதான். திரையில் தெரியாத ஆட்களைப் பற்றி அவர் என்ன சொல்கிறார்? கபடியில் பாடிப் போகிறவரும் பிடிக்க நிற்கிறவர்களும் ஒரே நேரத்தில் கண்ணில் படுகிறார்கள். கிரிக்கெட்டில் பந்து போகும் இடத்துக்குக் கேமராவும் போய்விடுகிறது. சாலைப் பந்தயம் அப்படி இல்லை. கேமரா முன்னால் போகும் மூன்று பேரைக் காட்டிக்கொண்டிருக்கும். பந்தயத்தின் முடிவோ மூன்று கிலோமீட்டர் பின்னால், யாரும் காட்டாத ஒரு வளைவில் நிர்ணயமாகிக்கொண்டிருக்கும். அந்த வளைவை நமக்குக் கொண்டுவந்து தரவேண்டியது வர்ணனையாளரின் வேலை. அதைச் செய்யாதவர் குரல் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் நான் மதிப்பெண் போடுவதில்லை.

மதிப்பெண் போடுவது என் தொழிலோடு வந்த பழக்கம். போடிநாயக்கனூரில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு முந்தல் வரை போவேன். எதிரே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறும். விடுமுறை நாளில் நேரம் இருந்தால் போடிமெட்டு வரை ஏறி, சோதனைச் சாவடி தாண்டிக் கேரளப் பக்கத்தில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். மாலையில் ஐரோப்பியப் பந்தயங்கள். ஜூலையில் பிரான்சில் மாலை ஐந்தரைக்கு முடியும் பந்தயம் நமக்கு இரவு ஒன்பது மணிக்கு முடிகிறது. சமையலும் பாத்திரமும் முடித்து உட்கார்ந்தால் கடைசி ஏற்றத்தைப் பார்த்துவிடலாம். என்னோடு உட்கார்ந்து பார்ப்பவர் என் மாமனார். இளமையில் இரட்டை மாட்டுவண்டிப் பந்தயங்களில் சாரதியாக இருந்தவர். ஆங்கிலம் தெரியாது. பந்தயம் தெரியும். இந்த மதிப்பீட்டில் பாதிக் கேள்விகள் அவருடையவை.

முதலில் டோக்கியோ. 2021 ஜூலை 25, ஒலிம்பிக் பெண்கள் சாலைப் பந்தயம், 137 கிலோமீட்டர். கொடி அசைந்ததுமே ஐந்து பேர் பிரிந்து போனார்கள். அவர்களில் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் ஒருவர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லாதவர். கடைசி நாற்பது கிலோமீட்டரளவில் உடன் வந்த மற்றவர்களையும் விட்டுவிட்டுத் தனியாகப் போனார். பின்னால் வந்த நட்சத்திரங்கள் நடுவில் சோர்ந்துபோன இரண்டு பேரைப் பிடித்ததும், முன்னால் இனி யாரும் இல்லை என்று எண்ணிவிட்டார்கள். அணியினர் தகவல் சொல்ல ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. நெதர்லாந்தின் அன்னமீக் ஃபான் ஃப்ளூட்டன் இரண்டாவதாக வந்து, தங்கம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கைகளை உயர்த்தினார். கீசன்ஹோஃபர் கோட்டைத் தாண்டி அப்போது 75 விநாடி ஆகியிருந்தது.

உலகின் தலைசிறந்த வீராங்கனைகளே எண்ணிக்கையில் தவறிவிடக்கூடிய விளையாட்டு இது. அப்படியானால் அந்தக் கணக்கை ஒவ்வொரு நிமிடமும் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவர் பார்வையாளருக்கு எவ்வளவு தேவை! முன்னால் எத்தனை பேர், நடுவில் எத்தனை பேர், பின்னால் யார், இடைவெளி எவ்வளவு, போன முறை சொன்னதைவிட அது கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா. சலிப்பாகத் தோன்றும் இந்த ஐந்து செய்திகளையும் அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்கிறவரே நல்ல வர்ணனையாளர். பாத்திரம் கழுவிவிட்டு வந்து உட்காரும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தத் திரும்பச் சொல்லல் பெரிய உதவி.

இடைவெளியைச் சொன்னால் மட்டும் போதாது, அதற்கு என்ன பொருள் என்றும் சொல்லவேண்டும். பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் பல்லாண்டு வர்ணித்த ரோபேர் ஷாபாத் இதற்கு ஒரு வாய்ப்பாடே விட்டுச் சென்றார். தாமே பந்தயம் ஓட்டி ஓய்ந்தபின் ஒலிவாங்கிக்கு வந்தவர் அவர். தனியாகப் போகிறவர் தப்பிக்கவேண்டுமானால் முடிவுக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு நிமிடமாவது கையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் துரத்தும் கூட்டம் பிடித்துவிடும். ஷாபாத் தேற்றம் என்றே பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சொல்கிறார்கள். இந்த ஒரு வரி தெரிந்த பார்வையாளருக்குக் கடைசி அரைமணி நேரம் முற்றிலும் வேறு அனுபவம். திரையின் மூலையில் மாறிக்கொண்டிருக்கும் எண் உயிர்பெற்றுவிடுகிறது. மூன்று வாரம் நாளுக்கொரு கட்டமாக ஓடி, மொத்த நேரம் குறைந்தவர் வெல்லும் டூர் டி பிரான்சில் 2015 முதல் ஒவ்வொரு சைக்கிளின் இருக்கைக்கு அடியிலும் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்துகிறார்கள். அதனால் எண்கள் கொட்டிக் கிடக்கின்றன. மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் உட்கார்ந்து கரும்பலகையில் இடைவெளியை எழுதி வீரர்களிடம் காட்டும் ஆளும் இன்னும் இருக்கிறார். எண்ணுக்குப் பஞ்சமில்லை. அதைப் படித்துப் பொருள் சொல்லும் ஆட்களுக்குத்தான் பஞ்சம்.

2024 செப்டம்பர் 29, சூரிச்சில் உலக வாகையர் பந்தயம். முடிவுக்கு நூறு கிலோமீட்டர் இருக்கும்போதே ஸ்லோவேனியாவின் ததேய் போகச்சார் கூட்டத்தை விட்டுக் கிளம்பிவிட்டார். கடைசி ஐம்பது கிலோமீட்டரைத் தனியாகவே ஓட்டினார். பின்னால் துரத்தியவர்களில் மத்யூ ஃபான் டெர் பூல், ரெம்கோ எவனபூல் போன்ற நட்சத்திரங்கள் இருந்தார்கள். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா, முன்னால் போகிறவன் ஒற்றை ஆள். பின்னால் இத்தனை பேர் வருகிறார்கள். ஆளுக்குக் கொஞ்ச நேரம் முன்னால் வந்து காற்றை வாங்கினால் எப்போதோ பிடித்திருக்கலாமே?”

“யாரும் முன்னால் வர மாட்டேன் என்கிறார்கள், மாமா. இழுத்துக்கொண்டு போய்விட்டால், பின்னால் ஒட்டி வந்தவன் கடைசியில் தாண்டிவிடுவான் என்ற பயம்.”

“அப்படியென்றால் முன்னால் போகிறவனுக்கு அது தெரியும். தெரிந்துதான் போயிருக்கிறான்.”

போகச்சார் வென்றது 34 விநாடி வித்தியாசத்தில். மாமா கேட்டதுதான் அன்றைய பந்தயத்தின் மையக் கேள்வி. நான் கேட்டுக்கொண்டிருந்த ஆங்கில வர்ணனை அந்த நேரம் முழுக்க போகச்சாரின் திறமையை வியந்துகொண்டிருந்தது. வியப்பதற்கு வர்ணனையாளர் தேவையில்லை, அதை நாங்களே செய்துகொள்வோம். துரத்தும் கூட்டத்தில் யார் யாருக்கு ஓட மறுக்கக் காரணம் இருக்கிறது என்று இரண்டு நிமிடம் விளக்கியிருந்தால் முதல்முறை பார்க்கிறவருக்கும் பந்தயம் திறந்திருக்கும்.

இனிக் குரல்களுக்கு வருகிறேன். ஆங்கிலம் பேசும் உலகம் டூர் டி பிரான்சைக் கற்றுக்கொண்டது ஃபில் லிகெட்டிடமும் பால் ஷெர்வெனிடமும்தான். லிகெட் 1973 முதல் டூரைப் பின்தொடர்ந்தவர். ஷெர்வென் ஏழு முறை டூரில் ஓட்டியவர்; 2018 டிசம்பரில் மறைந்தார். லிகெட்டின் உச்சம் 1987-இல் லா பிளான்யு மலையில் வந்தது. ஸ்பெயினின் பெத்ரோ தெல்காதோ மஞ்சள் சட்டையில், அதாவது மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருந்தார். அயர்லாந்தின் ஸ்டீவன் ரோச் அவரிடம் ஒன்றரை நிமிடமளவுக்குப் பின்தங்கிவிட்டார் என்றே எல்லோரும் நம்பினார்கள். கேமராக்கள் ரோச்சைக் காட்டவில்லை, எந்தக் கருவியும் அவர் எங்கே என்று சொல்லவில்லை. தெல்காதோ கோட்டைத் தாண்டியவுடன் அவருக்குப் பின்னால் ஒரு உருவம் வருகிறது. அது ரோச்தான் என்று கண்டுகொண்டு லிகெட் கூவிய குரலை இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். வித்தியாசம் நான்கே விநாடி. ரோச் ஆக்சிஜன் வைக்கும் அளவுக்குத் துவண்டு விழுந்தார். அந்த டூரை 40 விநாடி வித்தியாசத்தில் வென்றார்.

அந்தக் கூவல் ஏன் வேலை செய்தது என்று யோசித்திருக்கிறேன். அதற்கு முந்தைய பல நிமிடங்களாக, திரையில் இல்லாத ரோச்சை லிகெட் மறக்கவே இல்லை. நம்மையும் மறக்கவிடவில்லை. எதிர்பார்ப்பைக் கட்டி வைத்திருந்ததால்தான் அது உடைந்தபோது அவ்வளவு ஒலி கேட்டது. ஒவ்வொரு சிறு தாக்குதலுக்கும் தொண்டை கிழியக் கத்துகிறவர்களுக்கு இது புரிவதில்லை. மதியம் இரண்டு மணிக்கே உச்சஸ்தாயியில் நிற்கிறவருக்கு மாலை ஐந்து மணிக்கு ஏற என்ன படி மிச்சம் இருக்கும்?

லிகெட், ஷெர்வென் காலத்து வர்ணனையிடம் எனக்குப் பெரிய மனக்குறையும் உண்டு. 1999 முதல் 2005 வரை அமெரிக்காவின் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் டூரை ஏழு முறை வென்றார். 2012-இல் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக அந்த ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. அந்த ஏழு ஆண்டுகளில் ஆங்கிலத் தொலைக்காட்சி பெரும்பாலும் புகழ் பாடியது. சந்தேகம் கேட்டவை சில பத்திரிகைகள். மலையில் ஒருவர் மூச்சு வாங்காமல் ஏறும்போது அதைப் பார்த்துக் கேள்வி எழாத வர்ணனையாளர் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லித் தருகிறவள் நான். இந்த விஷயத்தில் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.

அதனாலேயே முன்னாள் வீரர் டேவிட் மில்லரின் பேச்சு எனக்கு முக்கியமாகிறது. 2004-இல் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டு இரண்டு ஆண்டு தடையில் இருந்தவர். திரும்பி வந்து, ஊக்கமருந்துக்கு எதிராக வெளிப்படையாகப் பேசியவர். நெட் போல்டிங்கோடு சேர்ந்து பிரிட்டனின் ஐடிவி4 தொலைக்காட்சியில் வர்ணித்தார். 2025-ஆம் ஆண்டு டூரோடு அந்த நிறுவனத்தின் ஒளிபரப்பு உரிமை முடிந்தது. பிரிட்டனில் கட்டணமின்றி டூர் பார்த்த காலமும் அதோடு போனது. கேட்கக் கிடைத்த அளவில் சொல்கிறேன்: ஒரு வீரர் பின்தங்கும்போது “களைத்துவிட்டார்” என்று மில்லர் கடந்துபோவதில்லை. தோள்பட்டை எப்போது ஆடத் தொடங்கியது, ஏன் தண்ணீர் வாங்கக் கூடக் கை நீட்டவில்லை என்று பிரித்துச் சொல்கிறார். போல்டிங் தம் பங்குக்குத் தெரியாததைத் தெரியாது என்று கேட்கிறார். கேட்கத் தெரிந்தவரும் சொல்லத் தெரிந்தவரும் சேர்ந்த இணை அது.

என் மனதுக்கு மிக நெருக்கமானவர் ஷான் கெல்லி. யூரோஸ்போர்ட் விளையாட்டுத் தொலைக்காட்சியில் பல்லாண்டு ஒலித்த குரல். குரல் வளம் என்று எதுவும் இல்லை. அயர்லாந்து உழவர் குடும்பத்து ஆள், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி விடுவார். ஆனால் பாரிஸ்–நீஸ் பந்தயத்தை 1982 முதல் 1988 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றவர், பாரிஸ்–ரூபேயை இருமுறை வென்றவர். மிலான்–சான் ரெமோ பந்தயத்தில் போஜ்ஜோ என்ற சிறு குன்று முடிவுக்குச் சற்று முன்னால் வருகிறது. 1992-இல் மொரேனோ அர்ஜென்டின் அதன் உச்சியைத் தனியாகக் கடந்துவிட்டார். 35 வயது கெல்லி உயிரைப் பணயம் வைத்து அந்த இறக்கத்தில் பாய்ந்து, அர்ஜென்டினைப் பிடித்து, கோட்டருகே தோற்கடித்தார். அந்த இறக்கத்தில் எந்த வளைவில் பிரேக்கைத் தொடக்கூடாது என்று இவர் சொல்லும்போது கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. போடிமெட்டிலிருந்து இறங்கும்போது எதிரே ஜீப் வருமா என்று தெரியாத வளைவில் விரல்கள் பிரேக்கின் மேல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை அடக்கி ஓட்டிய மனிதர் பேசுகிறார் என்பது அவர் ஒவ்வொரு சொல்லிலும் இருக்கிறது.

ஆங்கில வர்ணனையாளர் ராப் ஹாட்ச் இன்னொரு வகை. பல மொழிகள் அறிந்தவர். ஸ்பானிய வீரரின் பெயரை ஸ்பெயினில் அழைப்பதுபோல, நார்வே வீரரின் பெயரை அங்கே அழைப்பதுபோல அழைக்க மெனக்கெடுகிறார். சிலருக்கு அது அதிகப்படியாகத் தோன்றும். எனக்கு அப்படி இல்லை. வகுப்பில் வருகைப் பதிவேடு எடுக்கும்போது பிள்ளையின் பெயரைச் சரியாக அழைப்பது முதல் மரியாதை. ஐந்து மணி நேரம் வெயிலில் ஓட்டியவருக்கும் அந்த மரியாதை உரியது.

பிரெஞ்சு ஒளிபரப்பில் நான் பொறாமைப்படுவது மோட்டார் சைக்கிளில் பின்தொடரும் முன்னாள் வீரரைப் பார்த்து. தொமா வோக்ளேர் அந்த வேலையைச் செய்தார். 2004-லும் 2011-லும் பத்துப் பத்து நாள் மஞ்சள் சட்டையில் இருந்தவர். கூட்டத்தின் பக்கத்திலேயே போய், யார் முகம் வெளுத்திருக்கிறது, யார் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறார், காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று அங்கிருந்தே சொல்வார். ஆங்கில ஒளிபரப்பிலும் இப்போது இதைச் செய்கிறார்கள், முன்னாள் வீரர் பிராட்லி விக்கின்ஸ் கூட அப்படிப் போயிருக்கிறார். ஸ்டுடியோவில் திரையைப் பார்த்து வர்ணிக்கிறவருக்கு நமக்குத் தெரிவதுதான் தெரியும். சாலையில் இருப்பவர் சொல்லும் ஒரு வரிக்கு அதனால்தான் மதிப்பு.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் பெரும்பாலான வர்ணனைகள் சறுக்குவது இங்கேதான். கூட்டத்துக்கு நடுவே ஓட்டுகிறவர் முன்னால் போகிறவரைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான சக்தியை மிச்சப்படுத்துகிறார். காற்று நேரே எதிரிலிருந்து வந்தால் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கிக்கொள்ளலாம். பக்கத்திலிருந்து வந்தால் சாலையின் குறுக்கே சாய்வாக அணிவகுக்கவேண்டும். சாலையின் அகலம் எத்தனை பேருக்கு இடம் தருகிறதோ அத்தனை பேருக்குத்தான் ஒதுங்கல். மற்றவர்கள் ஓரத்தில் காற்றை வாங்கிக்கொண்டே ஓட்டி, ஒரு கட்டத்தில் அறுந்துவிடுகிறார்கள். 2013 டூரின் 13-ஆம் கட்டம், சான்–அமோன்–மோன்ரோன் ஊரில் முடிந்தது. மேடு பள்ளம் என்று சொல்ல எதுவும் இல்லாத நாள். பக்கக்காற்றில் கூட்டம் துண்டு துண்டாகச் சிதறியது. சக்கரம் பழுதான ஸ்பெயின் வீரர் வால்வெர்தே பத்து நிமிடமளவுக்கு இழந்தார். கடைசி முப்பது கிலோமீட்டரில் இன்னொரு ஸ்பெயின் வீரர் கொன்டாடோரின் அணி சட்டென்று வேகம் கூட்ட, மஞ்சள் சட்டையில் இருந்த கிறிஸ் ஃபுரூமே ஒரு நிமிடத்துக்கும் மேல் இழந்தார்.

போடியிலிருந்து சிலமலை, ராசிங்காபுரம் வழியாகத் தேவாரம் போகும் சாலையில் ஆடி மாதம் சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேற்கே மலை, அதிலிருந்து இறங்கும் காற்று வலது தோளில் மோதும். நாலு பேராகப் போனால் ஒருவருக்கு இடப்பக்கமாக ஒருவர் ஒதுங்கி, பஸ் வரும்போது கலைந்து, மறுபடி ஒதுங்கிப் போவோம். ஆனால் சென்னையில் உட்கார்ந்து முதல்முறை பார்க்கிற ஒருவருக்கு, தட்டையான சாலையில் நட்சத்திர வீரர் ஏன் பின்தங்குகிறார் என்று யார் சொல்வது? அந்த ஒட்டுமொத்த நாடகமும் சாலையோர மரத்தின் கிளை எந்தப் பக்கம் சாய்கிறது, ரசிகர் பிடித்த கொடி எங்கே பறக்கிறது என்பதில் இருக்கிறது. இருபது கிலோமீட்டர் முன்னால் சாலை திரும்பப்போகிறது, அங்கே காற்று பக்கத்துக்கு வரும் என்று வரைபடம் பார்த்துச் சொல்கிறவர் எனக்குத் தெய்வம். சிதறிய பிறகு “அடடா, கூட்டம் உடைந்துவிட்டது” என்று சொல்கிறவரிடம் கற்க ஒன்றுமில்லை.

2017 முதல் டூரின் எல்லாக் கட்டங்களையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நேரலையில் காட்டுகிறார்கள். ஐந்து மணி நேரம் கூட ஆகும். அந்த நேரத்தை நிரப்பக் கோட்டைகளும் தேவாலயங்களும் ஆற்றுப் பாலங்களும் ஹெலிகாப்டரிலிருந்து வருகின்றன. பிரெஞ்சுத் தொலைக்காட்சி இதற்கென்றே ஆள் வைத்திருக்கிறது. முன்பு ழான்–போல் ஒலிவியே, பின்னாளில் வரலாற்றாளர் பிராங்க் ஃபெரான். அது நல்ல ஏற்பாடு. தெரிந்தவர் சொன்னால் கோட்டையும் சுவைக்கும். கையில் கொடுத்த குறிப்பைப் பார்த்து ஆண்டும் அரசர் பெயரும் வாசித்துவிட்டு, அதற்குள் பின்னால் நடந்த தாக்குதலைத் தவறவிடுகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம்.

விபத்து நேரத்தில் ஒரு வர்ணனையாளரின் தரம் முழுவதும் வெளிப்பட்டுவிடும். 2011 மே 9, இத்தாலியச் சுற்றில் போக்கோ கணவாயின் இறக்கத்தில் பெல்ஜியத்தின் வூட்டர் வேலாண்ட் விழுந்து இறந்தார். மறுநாள் யாரும் போட்டியிடவில்லை. அவருடைய அணியினர் தோளோடு தோள் சேர்ந்து கோட்டைத் தாண்டினார்கள். 108 என்ற அவருடைய எண்ணை அந்தப் பந்தயத்தில் இனி யாருக்கும் தருவதில்லை. அப்படிப்பட்ட நிமிடத்தில் ஊகம் சொல்லாமல், யார் என்று உறுதியாகாமல் பெயர் சொல்லாமல், குரலைத் தாழ்த்தி மௌனமாக இருக்கத் தெரியவேண்டும். வீட்டில் அந்த வீரரின் தாய் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்ற நினைப்பு இருந்தால் அது தானாக வரும்.

கணக்கும் உணர்ச்சியும் ஒன்றாகச் சேர்ந்த நாள் என்றால் எனக்கு 2024 ஆகஸ்ட் 18, பெண்கள் டூரின் கடைசிக் கட்டம். முடிவு ஆல்ப் தூயெஸ் மலையில், 21 கொண்டை ஊசி வளைவு. எங்கள் போடிமெட்டுச் சாலையில் 17. முந்தைய கட்டமொன்றில் விழுந்து நேரம் இழந்திருந்த நெதர்லாந்தின் டெமி ஃபோலரிங் மொத்த நேரத்தில் 1 நிமிடம் 15 விநாடி பின்னால் இருந்தார். மஞ்சள் சட்டை போலந்தின் காஷா நெவியாதோமாவிடம். அதற்கு முந்தைய ஏற்றமான கிளாந்தோன் கணவாயிலேயே ஃபோலரிங் தாக்கிவிட்டார். முதலில் வந்து கட்டத்தை வென்றால் மொத்த நேரத்தில் பத்து விநாடி கழிக்கும் சலுகை. அவர் கோட்டைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு விநாடியும் எண்ணவேண்டும், இரண்டாவதும் மூன்றாவதும் வேறு யாராவது வந்தால் நெவியாதோமாவுக்குச் சலுகை இல்லை என்பதையும் சேர்த்து. அவர் நான்காவதாக, 1 நிமிடம் 1 விநாடி கழித்து வந்தார். பத்தைச் சேர்த்தால் 1:11. நான்கு விநாடியில் டூர் அவருக்கு.

அன்றைய வர்ணனையாளர்கள் இந்தக் கூட்டலை மலையடிவாரத்திலேயே தொடங்கி, வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டே வந்தார்கள். அதனால் கடைசி ஒரு நிமிடத்தை மாமாவும் எண்ணினார். மொழி தெரியாமலே ஒரு மனிதர் பந்தயத்துக்குள் போய்விட்டார். முழு மதிப்பெண் நான் கொடுத்தது அன்றைக்குத்தான்.

நம் நாட்டில் இதையெல்லாம் காட்டும் சேவை ஒன்றுக்கு நான் ஆண்டுக்கட்டணம் கட்டுகிறேன். பெயர் வேண்டாம். கடைசி ஐந்து கிலோமீட்டருக்குள் விளம்பரம் போடுகிறார்கள். திரும்பி வரும்போது இடைவெளி மாறியிருக்கும், முன்னால் இருந்தவர் காணாமல் போயிருப்பார். சில நாள் குரல் படத்தைவிட நாலைந்து விநாடி முந்திவிடும். யார் வென்றார் என்று கேட்டுவிட்டுப் பிறகு பார்ப்பது எவ்வளவு வேதனை! எழுதிப் போட்டேன், நன்றி என்று பதில் வந்தது. பெண்கள் பந்தயங்களில் பாதியைக் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் காட்டுகிறார்கள். முழுப் பந்தயத்தையும் பொறுமையாகக் காட்டிவந்த ஜிசிஎன் பிளஸ் செயலி 2023 டிசம்பர் 19-ஆம் தேதியோடு மூடப்பட்டது. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறையைச் சொல்லவேண்டும். தமிழில் இல்லை. கிரிக்கெட்டுக்கும் கபடிக்கும் தொலைக்காட்சியில் தமிழ் வர்ணனை வந்துவிட்டது. சைக்கிளுக்கு யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பார்கள். கொலம்பியாவைச் சொல்வேன். 1983-இல் முதன்முதலாக ஒரு கொலம்பிய அணி டூருக்குப் போனது. அந்நாட்டு வானொலி அறிவிப்பாளர்களும் கூடவே போனார்கள். மறு ஆண்டு லூச்சோ எர்ரேரா அதே ஆல்ப் தூயெஸில் வென்றார், டூர் கட்டம் ஒன்றை வென்ற முதல் கொலம்பியர் அவர்தான். மலைக் கிராமங்கள் அந்தக் குரல்கள் வழியாகத்தான் பிரான்சின் மலைகளைக் கண்டன. 2019-இல் எகான் பெர்னால் டூரையே வென்றார். வர்ணனை மட்டும் வீரரை உருவாக்காது. ஆனால் தன் மொழியில் கேட்காத விளையாட்டு ஒரு பிள்ளையின் கனவில் எப்படி நுழையும்?

தமிழுக்கு அந்தத் திறமை இல்லையா? வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் கிரிக்கெட்டைச் சொல்லிக் கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும்போது முன்னால் ஒரு ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். பெரிய மாடு, நடு மாடு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு, பூஞ்சிட்டு என்று ஒவ்வொரு பிரிவுக்கும் வேகம் வேறு, தூரம் வேறு. கொடியில் திரும்பியது யார் வண்டி, இரண்டாவது எந்த ஊர் வண்டி, அதற்கும் மூன்றாவதுக்கும் எவ்வளவு தூரம், எந்தச் சாரதி இன்னும் மாட்டை விரட்டாமல் அடக்கி வைத்திருக்கிறார் என்று, சாலையோரம் நிற்கிறவர்களுக்குக் கண்ணுக்கெட்டாத வண்டிகளையெல்லாம் சொல்லிக்கொண்டே போவார். நான் மேலே கேட்ட ஐந்து செய்திகளும் அதில் இருக்கின்றன. அவர் கையில் டூரின் வழித்தடப் புத்தகத்தைக் கொடுத்து, பக்கத்தில் சாலைப் பந்தயம் ஓட்டிய ஒருவரை உட்காரவைத்தால் ஒரு பருவத்தில் தேறிவிடுவார்கள்.

1949 ஜூன் 10, இத்தாலிய வானொலியில் மரியோ ஃபெரெட்டி பேசத் தொடங்கியபோது சொன்னார்: முன்னணியில் ஒரே ஒரு மனிதர், அவர் சட்டை வெள்ளையும் வான்நீலமும், பெயர் ஃபௌஸ்தோ கோப்பி. கூனியோவிலிருந்து பினெரோலோவுக்கு, 192 கிலோமீட்டர் தனியாக ஓட்டிய நாள் அது. ஆள், சட்டை, பெயர். படமே இல்லாமல் ஒரு நாடு முழுவதும் பார்த்துவிட்டது.

புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் டூரில் தொடங்கவேண்டாம், மூன்று வாரம் தாங்காது. ஏப்ரலில் பாரிஸ்–ரூபே பாருங்கள். ஒரே நாளில் முடியும். ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் கருங்கல் பாவிய பாதை, விழாதவர்கள் குறைவு. ஆங்கில வர்ணனையோடு பாருங்கள். நான் சொன்ன ஐந்து செய்திகள் வருகின்றனவா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் ஒளிபரப்புகிறவர்களுக்கு எழுதுங்கள், தமிழில் வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என் ஒருத்தியின் கடிதத்துக்கு நன்றி என்று பதில் போட்டுவிட்டுப் போகலாம். நூறு பேர் எழுதினால் அப்படிப் போகமுடியாது.